விடுபட்ட ஸ்பிரிங்கைக் காட்டிக்கொடுக்கும் சுவிட்ச்

புஷ் பட்டன் சுவிட்சைப் பொருத்தும் வேலையைப் பற்றி இம்முறை ஐந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். சுவிட்சுகளை வடிவமைப்பதிலும் அவற்றை மேசையில் பொருத்திப் பார்ப்பதிலுமாகப் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் இவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, எங்களுடையது புஷ் பட்டன் செய்யும் சிறிய தொழிற்கூடம். பொத்தானின் அடியில் வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக இரண்டு சிறிய ஸ்பிரிங்குகளை வைத்து மூடுகிறோம். மேசையில் அமர்ந்து வேலை செய்யும் பெண்கள் அனைவரும் அனுபவம் மிக்கவர்கள். இருந்தும் அவ்வப்போது ஏதாவது ஒரு சுவிட்சில் ஒரு ஸ்பிரிங் விடுபட்டுப் போகிறது. வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும்போதுதான் எங்களுக்குத் தெரிகிறது. கவனமாக இருக்கும்படி பலமுறை சொல்லியும், தவறியவரைக் கண்டித்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?
– அம்பத்தூர் வாசகர் ஒருவர்

பதில்: முதலில் கண்டிப்பதை நிறுத்துங்கள். உங்கள் கூடத்தில் நடப்பது, உற்பத்தித் துறையின் வரலாற்றில் மிகவும் பெயர்பெற்ற பிழைதான். 1961-ஆம் ஆண்டில் ஜப்பானைச் சேர்ந்த ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர், யமதா எலெக்ட்ரிக் என்னும் தொழிற்சாலைக்குச் சென்றபோது இதே குறையைத்தான் அங்கே கேட்டார். இரண்டு பொத்தான்களும் அவற்றைத் தாங்கும் இரண்டு ஸ்பிரிங்குகளும் கொண்ட சிறிய சுவிட்ச் அது. சில சமயம் ஸ்பிரிங்கை வைக்க மறந்துவிடுவார்கள். புகார் வரும், எல்லோரையும் எச்சரிப்பார்கள், கொஞ்ச காலம் சரியாக இருக்கும், பிறகு மீண்டும் அதே தவறு தலைகாட்டும். பெரிய பெட்டியில் நூற்றுக்கணக்கில் கிடக்கும் ஸ்பிரிங்குகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்த முறையை ஷிங்கோ மாற்றினார். ஒரு சிறு தட்டை மேசையில் வைத்து, ஒவ்வொரு சுவிட்சுக்கும் முதலில் இரண்டு ஸ்பிரிங்குகளை எண்ணித் தட்டில் போட்டுவிட்டு, அதன் பிறகே பொருத்தத் தொடங்கச் சொன்னார். வேலை முடிந்ததும் தட்டில் ஒரு ஸ்பிரிங் மீதமிருந்தால், கையிலிருக்கும் சுவிட்சில் அது இல்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இவ்வகை ஏற்பாடுகளை அவர் தொடக்கத்தில் ‘முட்டாள்தனத்தைத் தடுப்பது’ என்று பொருள்படும் ‘பாகா-யோகே’ என்ற சொல்லால் அழைத்துவந்தார். 1963-இல் வேறொரு தொழிற்சாலையில் ஒரு பெண் தொழிலாளி, தன்னை முட்டாள் என்று நினைக்கிறார்களா என்று கேட்டு அழுதுவிட்டார் என்றும், அதன் பிறகே அந்தச் சொல்லைக் கைவிட்டு, ‘கவனப் பிசகைத் தடுப்பது’ என்று பொருள்படும் ‘போகா-யோகே’ என மாற்றிக்கொண்டதாகவும் அவரே பதிவு செய்திருக்கிறார். அந்தப் பெண்ணின் கேள்வியை உங்கள் கூடத்தின் மேற்பார்வையாளர்களும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான முறை ஒரே அசைவைச் செய்யும் கை, ஏதோ ஒரு முறை தவறத்தான் செய்யும். அது கையின் இயல்பு.

தட்டை நாளைக்கே வைத்துவிடலாம், செலவில்லை. ஆனால் உங்கள் சுவிட்சின் உண்மையான குறை மேசையில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது. இரண்டு ஸ்பிரிங்குகள் ஒரே பொத்தானைத் தாங்கும்போது, ஒன்று இல்லாததை மற்றொன்று மறைத்துவிடுகிறது. பொத்தானை அழுத்தினால் அது மேலே வரத்தான் செய்கிறது. சோதிப்பவரும் சரி என்று பெட்டியில் போட்டுவிடுகிறார். சில ஆயிரம் முறை அழுத்திய பிறகுதான் பொத்தான் ஒருபக்கமாகச் சாய்ந்து, உரசிச் சிக்கிக்கொள்ளத் தொடங்குகிறது. அந்த இரண்டுக்கும் பதிலாகப் பொத்தானின் நடுத்தண்டைச் சுற்றி ஒரே ஸ்பிரிங் இருக்குமாறு மாற்றினால், அதை வைக்க மறந்த சுவிட்சில் பொத்தான் எழும்பவே எழும்பாது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூடத் தெரியும். எண்ணிக்கை குறைவது ஒரு லாபம், விடுபட்டதைப் பொருளே சொல்லிவிடுவது அதைவிடப் பெரிய லாபம். சாய்வைப் பற்றி அஞ்ச வேண்டாம். பொத்தானை நேராக வழிநடத்துவது தண்டும் அது நுழையும் துளையும் செய்ய வேண்டிய வேலை, ஸ்பிரிங்கின் வேலையன்று. தண்டு துளைக்குள் நுழைந்திருக்கும் நீளத்தைச் சற்றுக் கூட்டினாலே பொத்தான் நேராக இயங்கும்.

ஸ்பிரிங்கின் வடிவத்தையும் பாருங்கள். பெட்டியில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் ஸ்பிரிங்குகளைப் பிரிப்பதில் போகும் நேரத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை, ஆனால் கூலி அதற்கும் சேர்த்துத்தான் போகிறது. சுற்றுகளுக்கு இடையே உள்ள இடைவெளி கம்பியின் பருமனைவிட அதிகமாக இருந்தால் ஒன்றின் கம்பி மற்றொன்றுக்குள் புகுந்துவிடும். முனை திறந்திருந்தால் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். இரு முனைகளிலும் கடைசிச் சுற்றை மூடச் சொல்லி, கம்பியின் பருமனையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் மாற்றி இடைவெளியைக் குறைத்தாலும் அதே விசை கிடைக்குமா என்று ஸ்பிரிங் செய்து தருபவரிடம் கேளுங்கள். ஸ்பிரிங் நிற்கும் குழியின் வாயை மட்டும் சற்று அகலமாக, சரிவாக வைத்தால் விரல் தடுமாறாது. குழி ஸ்பிரிங்கின் பாதி உயரத்திற்காவது ஆழமாக இருந்தால் அது சாயாமல் நிற்கும்.

கடைசியாக ஒன்று. அடிப்பாகத்தை மேசையில் வைத்து, ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழாக அடுக்கி, கடைசியில் மூடியை அழுத்தி முடிக்கும்படி வரிசை அமைந்திருக்கிறதா? நடுவில் ஒருமுறையாவது சுவிட்சைக் கவிழ்க்க வேண்டியிருந்தால், வைத்த ஸ்பிரிங் நழுவி விழுவதும் அப்போதுதான். வைக்க மறந்ததாக நீங்கள் எண்ணும் ஸ்பிரிங்குகளில் சில, வைக்கப்பட்டு விழுந்தவையாகவும் இருக்கலாம். மேசைக்கு அடியில் பெருக்கிப் பாருங்கள்.

கேள்வி: உறுப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் அசெம்பிளி எளிதாகும் என்று வகுப்பில் சொல்கிறார்கள். எந்த உறுப்பை நீக்கலாம், எதை நீக்கக் கூடாது என்று எப்படி முடிவு செய்வது? ஒரு புஷ் பட்டனை எடுத்துக்காட்டாக வைத்து விளக்க முடியுமா?
– கோயம்புத்தூர் பொறியியல் மாணவி ஒருவர்

பதில்: இதற்கு ஒழுங்கான ஒரு முறையை வகுத்தவர் ஜெஃப்ரி பூத்ராய்டு. 1970-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இந்த ஆய்வை வளர்த்த அவருக்கும், அவரோடு சேர்ந்து உழைத்த பீட்டர் டியூஹர்ஸ்டுக்கும் 1991-இல் அந்நாட்டின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கப்பட்டது. ஒவ்வோர் உறுப்பையும் கையில் எடுத்து மூன்று கேள்விகள் கேட்கச் சொல்கிறது அந்த முறை. பொருள் இயங்கும்போது, ஏற்கனவே பொருத்திய உறுப்புகளிலிருந்து விலகி இது தனியாக அசைய வேண்டுமா? இது வேறு மூலப்பொருளால்தான் ஆகியிருக்க வேண்டுமா? இது தனியாக இல்லாவிட்டால் மற்றவற்றைப் பொருத்தவோ கழற்றவோ இயலாமல் போகுமா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்பதே விடையானால், அந்த உறுப்பைப் பக்கத்து உறுப்போடு இணைத்துவிட முடியுமா என்று யோசிக்க வேண்டும்.

தொழிற்சாலைகளில் காணும் சாதாரணப் புஷ் பட்டன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடிப்பாகம், மின்கம்பி வந்து சேரும் நிலைத் தொடுமுனைகள் இரண்டு, அவற்றை இணைக்கும் பாலம்போன்ற அசையும் தொடுமுனை ஒன்று, அதை அழுத்தும் ஸ்பிரிங், தண்டு, தண்டைத் திருப்பி மேலே தள்ளும் ஸ்பிரிங், விரல் படும் தொப்பி, ரப்பர் வாஷர், முன்வளையம், மூடி, மூடிக்கு இரண்டு ஸ்க்ரூ, கம்பியை இறுக்க இரண்டு ஸ்க்ரூ என மொத்தம் 15 உறுப்புகள். தொப்பியும் தண்டும் சேர்ந்தே அசைகின்றன, இரண்டும் பிளாஸ்டிக், ஆகவே ஒன்றாகலாம். முன்வளையம் மூடியோடு சேரலாம். ஸ்க்ரூக்கள் நான்கும் இந்தக் கேள்விகளுக்கு முன் நிற்பதில்லை. பிடித்து வைப்பது மட்டுமே வேலையான உறுப்பை இந்த முறை அவசியமானதாகக் கொள்வதில்லை. மீதமிருப்பவை 9. நல்ல வடிவமுள்ள ஓர் உறுப்பை எடுத்துப் பொருத்த 3 நொடி போதும் என்பது இம்முறையின் அடிப்படை அளவு. அதன்படி 9 உறுப்புகளுக்கு 27 நொடி ஆக வேண்டும். உங்கள் கையில் கடிகாரத்தை வைத்துப் பார்க்கும்போது 75 நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 27-ஐ 75-ஆல் வகுக்கக் கிடைக்கும் 36 விழுக்காடே அந்த வடிவமைப்பின் மதிப்பெண்.

இனி, இந்தக் கணக்கை எங்கே நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்கிறேன். தேர்வில் இதைக் கேட்க மாட்டார்கள், வேலையில் கேட்பார்கள். தொப்பியையும் தண்டையும் ஒன்றாக்கலாம் என்று மேலே சொன்னேன். ஆனால் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு என ஆறு நிறங்களில் விற்கும் சுவிட்சாக இருந்தால், முழுச் சுவிட்சையும் ஆறு வகையாகச் செய்து அடுக்கி வைக்க வேண்டியதாகிவிடும். தொப்பி தனியாக இருந்தால், நிறத்தை ஆர்டர் வந்த பிறகு கடைசி நொடியில் முடிவு செய்யலாம். அங்கே ஓர் உறுப்பு கூடுதலாக இருப்பதே சிக்கனம்.

இரண்டு ஸ்பிரிங்குகளையும் ஒன்றாக்கும் ஆசையும் எல்லா மாணவர்களுக்கும் வரும். முதல் கேள்விக்கான பதிலில் நான் ஒரே ஸ்பிரிங் போதும் என்றது, ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்த இரண்டைப் பற்றி. இங்கே இரண்டுக்கும் வேலை வேறு. பாலம் நிலைத் தொடுமுனைகளைத் தொட்ட பிறகும் தண்டு இன்னும் சிறிது தூரம் கீழே இறங்குகிறது. அந்த மிகைத் தூரத்தைத் தனக்குள் வாங்கிக்கொண்டு, தொடுமுனைகளை உறுதியாக அழுத்திப் பிடிப்பது முதல் ஸ்பிரிங்கின் வேலை. தீப்பொறியால் தொடுமுனைகள் தேய்ந்து மெலிந்தாலும் அழுத்தம் குறையாமல் இருப்பது அதனால்தான். அதை நீக்கிவிட்டால், விரல் எவ்வளவு பலமாக அழுத்துகிறதோ அவ்வளவே தொடர்பு என்றாகி, மெதுவாக அழுத்துபவரின் கையில் தொடுமுனை சூடேறிக் கருகும்.

எப்போதும் மூடியிருந்து, அழுத்தினால் திறக்கும் தொடுமுனையில் இதற்கு நேர்மாறான எச்சரிக்கை தேவை. அவசர நிறுத்தப் பொத்தான்களில் இருப்பது இவ்வகைதான். அங்கே தண்டு பாலத்தைத் தள்ளித் திறக்கும் வழியில் ஸ்பிரிங் எதுவும் குறுக்கே இருக்கக் கூடாது. மிகை மின்னோட்டத்தால் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டாலும், தண்டின் கெட்டியான விளிம்பு அவற்றைப் பிய்த்தெடுத்துப் பிரிக்க வேண்டும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி.) 60947-5-1 தரநிலை இதை நேரடித் திறப்பு என்று தனியாக வரையறுத்து, வட்டத்துக்குள் அம்புக்குறி போட்ட அடையாளம் ஒன்றையும் தந்திருக்கிறது. பொருத்துவதற்கு எளிது என்பதற்காக இந்த வழியில் கைவைக்கும் உரிமை எந்த வடிவமைப்பாளருக்கும் கிடையாது.

கேள்வி: மூடிக்கு ஸ்க்ரூ போடுவதை விட்டுவிட்டு, அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கொக்கிகளுக்கு மாறினோம். நேரம் மிச்சமாகிறது என்பது உண்மை. ஆனால் கொக்கிகள் உடைகின்றன. அதிலும் அச்சிலிருந்து புதிதாக வந்த நைலான் மூடிகள்தான் அதிகம் உடைகின்றன. பழையபடி ஸ்க்ரூவுக்கே போய்விடலாமா?
– ஓசூர் தொழில்முனைவோர் ஒருவர்

பதில்: புதியவை அதிகம் உடைகின்றன என்று கவனித்து எழுதினீர்களே, காரணம் அதிலேயே இருக்கிறது. நைலான் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொள்ளும் பொருள். அச்சிலிருந்து வெளிவரும்போது அது முற்றிலும் உலர்ந்து, விறைப்பாக, எளிதில் முறியும் நிலையில் இருக்கும். ஈரம் ஏறிய பிறகே வளைந்துகொடுக்கும் தன்மை வரும். அன்று வார்த்ததை அன்றே பொருத்தாமல் ஈரமேற இடம்கொடுத்துப் பாருங்கள், உடைவது குறையும். அப்படிக் காத்திருக்க இயலாத கூடம் என்றால், பிளாஸ்டிக்கின் வகையை மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும். விறைப்புக்காகக் கண்ணாடி இழை கலந்த நைலானை நீங்கள் பயன்படுத்துகிறீர்கள் என்றால் கொக்கி வளைய இன்னும் குறைவாகவே இடம் உண்டு.

அடுத்தது கொக்கியின் அளவு. ஒரே பருமனுள்ள பட்டைக் கொக்கி வளையும்போது அதன் அடியில் ஏற்படும் நீட்சியைக் கணக்கிட எளிய வாய்ப்பாடு ஒன்று உண்டு: வளையும் தூரத்தைப் பருமனால் பெருக்கி, அதை மூன்றால் பெருக்கி, நீளத்தின் வர்க்கத்தைப்போல் இரு மடங்கால் வகுக்க வேண்டும். கொக்கி 1 மி.மீ. பருமனும் 8 மி.மீ. நீளமும் கொண்டது, 0.6 மி.மீ. வளைய வேண்டும் என்றால், நீட்சி ஏறத்தாழ 1.4 விழுக்காடு. நீளத்தை மட்டும் 10 மி.மீ. ஆக்கினால் அது 0.9 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது. நீளம் வர்க்கமாக வருவதால், 2 மி.மீ. கூட்டியதற்கே இவ்வளவு பலன். கொக்கி உடைந்தால் உடனே அதைத் தடிமனாக்குவது பலருக்கும் வழக்கம். தடித்த கொக்கியில் நீட்சி கூடும், ஆகவே இன்னும் விரைவில் உடையும். நீளமாக்குங்கள், தடிமனாக்காதீர்கள். கொக்கி மூடியோடு சேரும் மூலையைக் கூராக விடாமல் வளைவாக மாற்றச் சொல்லுங்கள். விரிசல் எப்போதும் அந்தக் கூர்மூலையில்தான் தொடங்கும்.

ஸ்க்ரூவுக்குத் திரும்புவது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். கொக்கிக்கு அடியில் குழிவு இருப்பதால் அச்சில் பக்கவாட்டில் நகரும் பாகமோ, அடியில் ஜன்னலோ வைக்க வேண்டிவரும். மாதத்துக்குச் சில நூறு சுவிட்சுகள் மட்டுமே செய்பவருக்கு அந்த அச்சின் செலவு திரும்பக் கிடைப்பது கடினம். பெருமளவில் செய்பவராக இருந்தால், கொக்கிதான் சரி; மாட்டிக்கொள்ளும்போது எழும் ‘டக்’ என்ற ஒலி, மூடி முழுவதும் உட்கார்ந்துவிட்டது என்பதைப் பொருத்துபவரின் காதுக்குச் சொல்கிறது. ஸ்க்ரூ முழுவதும் இறுகியதா இல்லையா என்பதை அப்படி ஒலியால் அறிய முடியாது.

கேள்வி: ரிமோட்டிலும் மின்னணுப் பலகைகளிலும் இருக்கும் குட்டிப் பொத்தானில் இரண்டு மூன்று உறுப்புகளே இருக்கின்றன. வீட்டுச் சுவிட்சையும் அப்படியே செய்தால் என்ன?
– திருச்சி வாசகர் ஒருவர்

பதில்: மின்னணுப் பலகையில் ஒட்டப்படும் 6 மி.மீ. சதுரப் பொத்தானுக்குள் கவிழ்த்த கிண்ணம்போன்ற ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது. ஸ்பிரிங்கும் அதுவே, அசையும் தொடுமுனையும் அதுவே, விரலுக்குத் தெரியும் அந்தச் சிறு துள்ளலும் அதிலிருந்தே வருகிறது. உறுப்புகளை ஒன்றாக்குவதில் இதைவிட அழகான எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் அது பொதுவாக 12 வோல்ட், 50 மில்லி ஆம்பியர் அளவுக்கே ஆனது. 230 வோல்ட்டில் சில ஆம்பியர் மின்னோட்டத்தைத் துண்டிக்கும்போது தொடுமுனைகளுக்கு நடுவே மின்வில், அதாவது காற்றின் வழியே பாயும் தீப்பொறி, எழும்; அதை அணைக்கப் போதிய இடைவெளியும், தேய்மானத்தைத் தாங்கும் கனமான வெள்ளிக் கலவைத் தொடுமுனைகளும் வேண்டும். அந்த மெல்லிய தகட்டுக்குக் கீழே அதற்கெல்லாம் இடமில்லை.

கேள்வி: நான் கன்ட்ரோல் பேனல் கட்டும் வேலை செய்பவன். பேனலின் முன்பக்கம் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் கையை நுழைத்து நட் இறுக்குவது பெரும் தொல்லையாக இருக்கிறது. இப்போது வரும் மாட்டிக்கொள்ளும் வகையை நம்பலாமா? குறிப்பாக அவசர நிறுத்தப் பொத்தானுக்கு?
– சேலம் வாசகர் ஒருவர்

பதில்: சுவிட்சைச் செய்பவரின் மேசையில் முடியும் அசெம்பிளியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். அது உங்கள் கைக்கு வந்த பிறகு இன்னொரு முறை பொருத்தப்படுகிறது என்பதை நினைவூட்டியதற்கு நன்றி.

துளையில் தொடங்குவோம். 22 மி.மீ. பொத்தான் என்று நாம் சொல்வதற்குத் தரநிலை கூறும் துளை 22.3 மி.மீ.; அதற்கு மேல் 0.4 மி.மீ. வரை கூடலாம், குறையக் கூடாது. 22 மி.மீ. ட்ரில்லால் துளைத்துவிட்டு அரத்தால் ராவுபவர்கள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். துளையின் விளிம்பில் 3.2 மி.மீ. அகலத்தில் ஒரு வெட்டும் உண்டு. பொத்தான் சுழலாமல் இருக்கவும், அதைத் தலைகீழாகப் பொருத்த முடியாமல் இருக்கவும் அது வைக்கப்பட்டிருக்கிறது. நேரமில்லை என்று அந்த வெட்டை விட்டுவிடாதீர்கள்.

புதிய வகைகளில் முன்பகுதியைத் துளையில் நுழைத்து, பின்னாலிருந்து ஒரு பிடிவளையத்தை மாட்டி, அதன்மேல் கான்டாக்ட் பிளாக்குகளை, அதாவது தொடுமுனைகள் அடங்கிய சிறு பெட்டிகளை, அழுத்திச் சொருகினால் வேலை முடிந்துவிடுகிறது. ஒரு கையால் செய்யலாம். எப்போதும் மூடியிருப்பதற்குச் சிவப்பும், எப்போதும் திறந்திருப்பதற்குப் பச்சையுமாகப் பல தயாரிப்பாளர்கள் பிளாக்குகளுக்கு நிறம் கொடுப்பதால், பிளாக்கின் முனைகளில் பொறித்த எண்ணைப் படிக்காமலே வகை தெரியும். எண்ணைப் பார்த்தால், கடைசி இலக்கம் 1, 2 என்றிருந்தால் மூடியது, 3, 4 என்றிருந்தால் திறந்தது. சாதாரண இயக்கப் பொத்தான்களுக்கு இந்த வகையைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

அவசர நிறுத்தப் பொத்தானில் உங்கள் ஐயம் நியாயமானது. எளிதில் சொருகப்படுவது, சரியாகச் சொருகப்படாதபோது எளிதில் கழன்றும் விடும். இயந்திரத்தின் அதிர்விலோ, வயரை யாரோ இழுத்ததிலோ பின்னாலிருக்கும் பிளாக் நழுவி விழுந்தால், அதன் மூடிய தொடுமுனை மூடியபடியே இருக்கும். இயந்திரம் எப்போதும்போல் ஓடும். முன்னால் சிவப்புப் பொத்தானும் மஞ்சள் பின்னணியும் கம்பீரமாக நிற்கும். ஆபத்து நேரும் நொடியில் ஒருவர் ஓடிவந்து அதை அறைந்தால், வெறும் பிளாஸ்டிக் உள்ளே போகுமே தவிர எதுவும் நிற்காது. இந்தக் காட்சியை நினைத்தாலே எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

இதற்கென்றே தன்னைத் தானே கண்காணிக்கும் பிளாக்குகள் விற்கப்படுகின்றன. அவற்றில் மூடிய தொடுமுனையோடு தொடராக இன்னொரு தொடுமுனை உண்டு. பிளாக் தன் இடத்தில் சரியாக அமர்ந்திருக்கும்வரை மட்டுமே அது மூடியிருக்கும். நழுவிய உடனே திறந்து, இயந்திரத்தை நிறுத்திவிடும். சொருகும் வகையை அவசர நிறுத்தத்துக்கு வாங்குவதானால் இந்த வகையை மட்டுமே வாங்குங்கள். விலை சற்றுக் கூடுதல்தான். வாடிக்கையாளரிடம் காரணத்தை விளக்கிக் கேட்டு வாங்குங்கள். பேனலை ஒப்படைக்கும் முன், பாதுகாப்பான நிலையில் இயந்திரத்தை ஓடவிட்டு, பொத்தானை அழுத்திச் சோதிப்பதோடு நிறுத்தாமல், பிளாக் ஒவ்வொன்றையும் பின்னாலிருந்து வெறுமனே கழற்றிவிட்டும் இயந்திரம் நிற்கிறதா என்று பாருங்கள்.